கோயிலுக்குப் போகாத விசுவாசம்

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழ் வழக்கு வந்தது. பட்டியல் சாதியில் பிறந்த அவர் ஒரு கிறிஸ்தவரை மணந்திருந்தார். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. மதம் மாறிவிட்டார் என்று முடிவுகட்டி அதிகாரிகள் சான்றிதழை ரத்து செய்திருந்தார்கள். கணவரோடும் பிள்ளைகளோடும் தேவாலயத்துக்குப் போய்வருவதாலேயே ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டார் என்று ஆகாது எனச் சொல்லி நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து போன வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. அந்த மனுதாரர் திருமுழுக்குப் பெற்றவர், தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர் என்பது விசாரணையில் தெரிந்திருந்தது. இந்து என்று சொல்லிக்கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க அவருக்கு வழியில்லை என்றது தீர்ப்பு.

இரு வழக்குகளின் விவரங்களும் ஒன்றல்ல. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டிலும், கோயிலுக்குப் போவது ஒருவரைக் கிறிஸ்தவராக்குகிறதா என்ற கேள்வி நீதிபதிகளின் மேசைக்கு வந்துவிட்டது. அதன் மறுபுறத்தை இறையியலாளர்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள்: போகாமலேயே ஒருவர் கிறிஸ்தவராக வாழ முடியுமா? சொல்லப்பட்ட விடைகள் ஏராளம். அவை பெரும்பாலும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ஒருவர் கூடி ஜெபிப்பதைப் பற்றிப் பேசுகிறார், அடுத்தவர் நற்கருணையைப் பற்றி, மூன்றாமவர் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதைப் பற்றி. எதை மறுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமலேயே பல மறுப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன.

விடியலுக்கு முன் கூடியவர்கள்

கூடிவருவதைச் சிலர் விட்டுவிட்டார்கள் என்ற புகார் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எபிரெயர் நிருபத்தின் 10-ஆம் அதிகாரம் அதைக் கண்டிக்கிறது. போதகர்கள் இன்றைக்கும் முதலில் எடுத்துக்காட்டும் வசனம் அதுதான். போகத் தேவையில்லை என்பவர்கள் மத்தேயு 18-ஐக் காட்டுவார்கள்: இரண்டு மூன்று பேர் போதுமே! அந்த வசனமும் குறைந்தது இருவரைக் கேட்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஏறத்தாழ 112-இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியலுக்கு முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், பிறகு கலைந்து போய் மறுபடி உணவுக்காகக் கூடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததைச் சொன்னார். சங்கங்களைத் தடைசெய்து தான் ஆணையிட்டதும் உணவுக்காகக் கூடுவதை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அதாவது, எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற பேரம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஏறத்தாழ 155-இல் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் தரும் சித்திரம் இன்னும் விரிவானது. ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். நேரம் இடங்கொடுக்கும்வரை அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் நூல்களோ வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். பிறகு ஜெபம், அப்பம், தண்ணீர் கலந்த திராட்சை இரசம். வராதவர்களுக்கு உரிய பங்கை உதவிக்காரர்கள் எடுத்துப்போய்க் கொடுக்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் போகிறது. வராதவரும் அந்தக் கூட்டத்தின் கணக்கில் இருந்தார் என்பதே இதில் குறிப்பிடத்தக்கது.

304-இல் டயோக்ளீஷியன் காலத் துன்புறுத்தலின்போது வட ஆப்பிரிக்காவின் அபிதினேயில் ஞாயிறு வழிபாட்டுக்காக வீட்டில் கூடியிருந்த 49 பேர் பிடிபட்டார்கள். தடை தெரிந்தும் ஏன் கூடினீர்கள் என்ற கேள்விக்கு, ஆண்டவருடைய விருந்து இல்லாமல் தங்களால் இருக்க முடியாது என்ற பொருளில் பதில் வந்ததாக அவர்களுடைய வரலாறு சொல்கிறது. கோயிலுக்குப் போவது அவசியம் என்ற கட்சிக்கு இதைவிடக் கனமான சாட்சியம் கிடைப்பது அரிது. ஆனால் அதே காலக்கட்டத்தில்தான் ஸ்பெயினின் எல்விரா ஆலோசனைச் சங்கம், நகரத்தில் இருந்துகொண்டே தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவரைக் கொஞ்சகாலம் விலக்கிவைக்க விதி செய்தது. ஓரிடத்தில் உயிரைக் கொடுத்துக் கூடினார்கள், இன்னோரிடத்தில் வரவழைக்க விதி வேண்டியிருந்தது.

பாலைவனத் துறவிகள் இந்தச் சித்திரத்தில் எளிதில் அடங்குவதில்லை. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், எந்தக் கூட்டு வழிபாட்டிலும் கலந்துகொள்ளாமல் தனித்திருந்தார்கள். சபை அவர்களைப் புனிதர் என்றே போற்றியது. நான்காம் நூற்றாண்டில் ஆயர் பேசில் மட்டும் ஒரு முள்ளைத் தைத்தார்: தனியாக வாழ்கிறவர் யாருடைய கால்களைக் கழுவுவார்? தனித்த பக்தியின் மீது பின்னால் வந்த விமர்சனங்களில் பெரும்பகுதி இந்தக் கேள்வியின் விரிவுரைதான்.

பன்னிரண்டு பென்னி அபராதம்

சபையும் அரசும் கைகோத்த பிறகு கேள்வியின் நிறம் மாறியது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், சபையைத் தாயாகக் கொள்ளாதவர் கடவுளைத் தந்தையாகக் கொள்ள முடியாது என்று எழுதியது துன்புறுத்தப்பட்ட, பிளவுபட்ட ஒரு சிறுபான்மைக்குள். அதே வாதம் பெரும்பான்மையின் கைக்குப் போனபோது சட்டமானது. 1215-இன் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கட்டாயம் என்றது. 1559-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் சட்டம், ஞாயிறன்று ஆலயத்துக்கு வராத ஒவ்வொரு முறைக்கும் 12 பென்னி அபராதம் விதித்தது. 1581-இல் அது மாதம் 20 பவுண்டாக ஏறியது. ஏழை கொடுக்கவே முடியாத தொகை; கத்தோலிக்கச் செல்வர்களைக் குறிவைத்தது. அபராதத்துக்குப் பயந்து வந்து உட்கார்ந்தவர்களின் விசுவாசத்தை எந்தச் சட்டத்தாலும் அளக்க முடியவில்லை என்பதுதான் இந்த நிலைப்பாட்டின் பெரிய ஓட்டை.

இன்றைய கத்தோலிக்க நிலைப்பாட்டை அந்த அபராதச் சட்டத்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஞாயிறும் கடன் திருநாளும் திருப்பலியில் பங்கேற்கும் கடமையை 1247-ஆம் விதியில் வைத்திருக்கிறது. குரு கிடைக்காத இடத்திலும், வேறு கனமான காரணம் இருக்கும்போதும் என்ன செய்யலாம் என்பதையும் அடுத்த விதியிலேயே சொல்கிறது. நற்கருணை ஒருவர் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளக்கூடியதன்று, அது தரப்பட வேண்டும், ஆகவே தருகிற ஒரு கூட்டம் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இந்த அடிப்படையை ஏற்காதவரிடம் கடமையைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

சபைக்குள்ளிருந்தே வந்த மறுப்புகள்

சீர்திருத்தக்காரர்கள் சபையை வேண்டாம் என்று சொல்லவில்லை. நற்செய்தி தூய்மையாகப் பிரசங்கிக்கப்பட்டு, சாக்கிரமந்துகள் முறையாக நடக்கிற கூட்டமே சபை என்று 1530-இன் அவுக்ஸ்பர்க் அறிக்கை வரையறுத்தது. கல்வீன் சிப்ரியானின் தாய் உருவகத்தையே எடுத்துக்கொண்டார். லூத்தர் மட்டும் 1526-இல் ஒரு ஆசையை வெளியிட்டார்: உண்மையாகவே கிறிஸ்தவராக விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கலாமே! அதற்கான ஆட்கள் தன்னிடம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டு அதை விட்டுவிட்டார்.

விடாமல் பிடித்தவர்கள் உண்டு. சைலீசியாவின் காஸ்பர் ஷ்வெங்க்ஃபெல்ட், நற்கருணையைப் பற்றிச் சண்டை ஓயும்வரை அதையே நிறுத்திவைப்போம் என்று 1526-இல் சொன்னார். அவர் வழிவந்தவர்கள் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்து, காலப்போக்கில் தாங்களே ஒரு சபையானார்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் குருவையும் சடங்கையும் விட்டார்கள், கூட்டத்தை விடவில்லை. டென்மார்க்கில் தத்துவவாதி கீர்க்ககார்ட் இன்னும் கடுமையானவர். அரசாங்கச் சபையின் வழிபாட்டில் பங்கேற்காமல் இருப்பது ஒரு பாவத்தைக் குறைத்துக்கொள்வதாகும் என்ற அளவுக்குப் போனார். 1855-இல் மரணப் படுக்கையில் அரசுச் சம்பளம் வாங்கும் போதகர் கையால் நற்கருணை வாங்க மறுத்தார். சாதாரண விசுவாசி ஒருவர் தந்தால் ஏற்பதாகச் சொன்னார். அவர் மறுத்தது விருந்தையா, அதைப் பரிமாறிய அதிகாரியையா? அவரை மேற்கோள் காட்டும் பலர் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆசியாவில் இந்தக் கேள்விக்கு மிக ஒழுங்கான விடை ஜப்பானில் உருவானது. உச்சிமுரா கன்சோ 1891-இல் பேரரசரின் கல்வி ஆணைக்கு முன் ஆழ்ந்து தலைவணங்கத் தயங்கியதற்காக ஆசிரியர் வேலையை இழந்தவர். மேலைநாட்டுச் சபைப் பிரிவுகளை ஜப்பானியர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்ட அவர், 1901-இல் 'முக்யோகாய்' என்ற இதழைத் தொடங்கினார். 'சபையற்றது' என்பது அதன் பொருள். ஞானஸ்நானம், குருப்பட்டம், உறுப்பினர் பட்டியல் எதுவும் அங்கே கட்டாயமில்லை. ஒரு ஆசிரியரைச் சுற்றி ஞாயிறுதோறும் கூடி வேதத்தை மூல மொழி வரைக்கும் போய்ப் படித்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவர்களாக இருந்த நன்பரா ஷிகேருவும் யனாய்ஹரா தடாவோவும் இந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். சபையற்ற சபை என்று கேலி செய்தவர்களுக்குக் கொஞ்சம் உண்மை கையில் இருந்தது: ஞாயிறும் கூட்டமும் அங்கேயும் போகவில்லை. படிப்பாளிகளுக்குப் பொருந்திய வடிவம், எழுத்தறியாத விவசாயிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம்.

சென்னையில் ஒரு நீண்ட வழக்கு

தமிழ் வாசகருக்கு இந்த விவாதத்தின் வளமான பகுதி சென்னையில் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரிடம் பயின்ற கந்தசாமிச் செட்டி, கிறிஸ்துவைத் தன் ஆண்டவராக ஏற்றவர். ஆனால் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. தான் ஏன் கிறிஸ்தவன் அல்லன் என்ற பொருளில் 1915-இல் மிஷனரிகள் முன்னிலையிலேயே உரையாற்றினார். கிறிஸ்துவின் மீது அவருக்குத் தயக்கமில்லை. சபையில் சேர்வது தன் மக்களை விட்டு வேறொரு சமுதாயத்துக்குக் குடிபோவதாகிவிடும் என்பதே தடையாக இருந்தது. பிற்காலத்தில் பிரான்சில் தத்துவவாதி சிமோன் வெய்ல் ஞானஸ்நானத்தின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றும் இதையொத்தது: வெளியே இருப்பவர்களை விட்டுப் பிரிய மனமில்லை.

1938-இல் தாம்பரத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடுவதற்குச் சற்று முன், 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபரிசீலித்தல்' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொகுப்பொன்று சென்னையிலிருந்து வெளிவந்தது. பிற்காலத்தில் சென்னை மேயரான வெங்கல் சக்கரையும், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சய்யாவும் அதில் முக்கியக் குரல்கள். இருவரும் மதம் மாறிச் சபைக்குள் வந்தவர்கள், உறவினர்களும்கூட. இயேசு அறிவித்தது இறையரசை. நிறுவனச் சபையை இந்தியா அப்படியே இறக்குமதி செய்துகொள்ள வேண்டியதில்லை என்பது செஞ்சய்யாவின் வாதம். சபைக்கு மாற்றாக அவர்கள் கண்டது ஆசிரமம் போன்ற வடிவங்களை. ஆசிரமத்தில் குடும்பஸ்தர் எப்படி வாழ்வது, பிள்ளைகளுக்கு விசுவாசத்தை யார் கற்பிப்பது என்பதை அந்தத் தொகுப்பு போதுமான அளவு எதிர்கொண்டதாகச் சொல்ல முடியாது.

ஆந்திராவின் முனிப்பல்லேயில் கலகர சுப்பாராவ் 1942-இல் கிறிஸ்துவின் தரிசனம் கண்டதாகச் சொல்லி, ஞானஸ்நானத்தையும் பாதிரிமாரையும் வெளிப்படையாக எதிர்த்தார். அவரைச் சுற்றிக் குணமாக்கும் கூட்டங்கள் நடந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த கய் போகோ இந்த இயக்கத்தை ஆராய்ந்தார். இந்து ஒருவர் கிறிஸ்துவின் சீடராவதற்குத் தன் சமுதாயத்தை விட்டு வெளியேறத்தான் வேண்டுமா என்று 1966-இல் அவர் எழுதிய கட்டுரை, அடுத்த பத்தாண்டுக்குச் சண்டை மூட்டியது.

அந்தச் சண்டையின் உச்சம் பெங்களூரின் இறையியலாளர் எம்.எம். தாமஸுக்கும், அப்போது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினுக்கும் 1970-களின் தொடக்கத்தில் நடந்த கடிதப் போக்குவரத்து. இந்தியாவில் ஞானஸ்நானம் ஒரு மதச் சமுதாயத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அடையாளமாகிவிட்டது என்பது தாமஸின் கவலை. கிறிஸ்துவை மையமாகக் கொண்ட உறவு, சபையின் எல்லைக்கு வெளியே, பிற சமுதாயங்களுக்குள்ளும் உருவாகலாம் என்றார். நியூபிகின் அதை முழுதாகத் தள்ளவில்லை. அந்த உறவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரு வடிவம் வேண்டாமா என்று கேட்டார். கிறிஸ்துவை ஏற்றவர் அவரை ஏற்ற மற்றவர்களோடு சேர்ந்து நிற்பது எந்த அடையாளத்தால் தெரியும்? இந்த விவாதத்தில் இருவருமே மற்றவரின் பலமான வாதத்துக்கு முகங்கொடுத்தார்கள். இத்துறையில் அது அபூர்வம்.

தாமஸின் கவலைக்குச் சட்டத்திலேயே ஆதாரமிருக்கிறது. ஞானஸ்நானம் பெறும் இந்துவுக்குத் திருமணத்தில் 1872-இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், சொத்தில் 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் வந்து சேர்கின்றன. பட்டியல் சாதியினருக்கு இழப்பு இன்னும் பெரிது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்த அந்தஸ்து, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. வீட்டில் ஜெபிக்கலாம், வேதம் வாசிக்கலாம், பெயரைப் பதிவேட்டில் ஏற்றாதே என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதைக் கோழைத்தனம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது சுலபம்.

சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனார். தமிழகக் கிராமங்களில் நேர்காணல்கள், சென்னை நகரத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு. ஞானஸ்நானம் பெறாமல், சபையில் சேராமல், இயேசுவை மட்டுமே வழிபடுகிற இந்து, இஸ்லாமியக் குடும்பத்தார் நகரத்தில் இருக்கிறார்கள் என்றும், அவர்களின் தொகை சபையாரின் தொகையோடு ஒப்பிடத்தக்கது என்றும் அவர் மதிப்பிட்டார். அவர்களில் பலர் மணமான பெண்கள். சபையில் சேர்ந்தால் குடும்பம் உடையும், சேராவிட்டால் ஜெபம் மட்டும் மிஞ்சும் என்ற நிலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியில் வீட்டுக்குத் தெரியாமல் கிறிஸ்துவை வழிபட்ட நாடார் பெண்களைப் பற்றி எலைசா கென்ட் 2011-இல் எழுதிய ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. இவர்களைச் சபைக்குள் இழுப்பதைவிட இருக்கும் இடத்திலேயே வளர்ப்பது மேல் என்பது 1991-இல் நூலாக வந்த ஹோஃபரின் பரிந்துரை. இந்த மக்களின் நேர்மையை மறுக்காமலே, சபை விசுவாசத்தின் விருப்பப் பாடமாகிவிட முடியாது என்று இறையியலாளர் திமத்தி டெனன்ட் 2005-இல் பதில் எழுதினார். கணக்கெடுப்பின் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதிலும் எச்சரிக்கை தேவை. நேர்காணலில் ஒருவர் இயேசு மட்டுமே என்று சொல்வதற்கும், பொங்கலன்று அவர் வீட்டில் நடப்பதற்கும் இடையே தூரம் இருக்கக்கூடும்.

எந்தப் பக்கம் உட்காருவது?

சபைக்குப் போவது அவசியம் என்ற கட்சி, எந்தச் சபைக்கு என்ற கேள்வியைத் தவிர்த்துவிடும் வழக்கமுண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டை போல இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவில் இரண்டையும் பார்க்கும்படி ஒரே பீடம். கூடங்களைப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. கல்லறைத் தோட்டங்களில் நின்ற சுவர்கள் அதைவிட நீண்ட ஆயுள் பெற்றன. இப்படிப்பட்ட கோயிலை ஒரு தலித் கிறிஸ்தவர் தவிர்த்தால் அவர் விட்டது கூடுகையையா, சாதியையா?

இதற்கு எதிரான ஒரு செய்தியும் உண்டு. தமிழகத்தில் சபை மீது கோபம்கொண்டவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் போய் உட்காரவில்லை, இன்னொரு சபை கட்டினார்கள். நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபை நிறுவி, ஞாயிறை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். பிற்காலத்தில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போன பலரின் கதையும் இதுதான். சபையில்லாக் கிறிஸ்தவம் என்ற கருத்து படித்தவர் மேசையில் செழித்த அளவுக்குத் தெருவில் செழிக்கவில்லை. சேகரத்தில் சந்தா பாக்கி வைத்தவருக்கு மகளின் திருமண அறிக்கை வாசிப்பதிலும், வீட்டில் மரணம் நேர்ந்தால் அடக்க ஆராதனையிலும் வரக்கூடிய சங்கடத்தை எந்த இறையியல் புத்தகமும் தீர்த்துவைப்பதில்லை. நம் ஊரில் பிறப்பும் திருமணமும் சாவும் சபை வழியாகவே நடக்கிறவரைக்கும், போகாமல் இருப்பது மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும்.

திரைக்கு முன்னால்

1958-இல் பன்னிரண்டாம் பயஸ், அசிசியின் கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, கோயிலில் நடந்த வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டதாக மரபு சொல்வதுதான் காரணம். 2020-இல் கொரோனாவால் ஆலயங்கள் மூடப்பட்டபோது அந்த அறை உலகளாவியதானது. நேரலைத் திருப்பலிகளுக்கு இடங்கொடுத்த போப் பிரான்சிஸே, அந்த ஏப்ரலில், மக்களும் சாக்கிரமந்துகளும் இல்லாத நிலை வழக்கமாகிவிடக் கூடாது என்று எச்சரித்தார். நேரலை பார்த்தவர் கூடினாரா? பிரசங்கத்தை மையமாகக் கொண்ட சபைகளுக்கு இது அவ்வளவு கடினமான கேள்வியன்று. அப்பத்தையும் இரசத்தையும் மையமாகக் கொண்டவற்றுக்குத்தான் திரை போதாமல் போகிறது.

சமூகவியலாளர்களின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேராமலே நம்புகிறார்கள் என்று பிரிட்டனைப் பற்றி 1994-இல் கிரேஸ் டேவி எழுதினார். 2005-இல் டேவிட் வோவாஸும் அலஸ்டேர் கிரோக்கெட்டும் அதை மறுத்தார்கள்: சேர்வது குறைந்த இடத்தில் நம்பிக்கையும் ஏறத்தாழ அதே வேகத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறது. அமெரிக்காவில் தேவாலயம், யூத ஆலயம், மசூதி ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருப்போர் 1999-இல் 70 சதவீதம், 2020-இல் 47 சதவீதம் என்கிறது காலப் கருத்துக்கணிப்பு. அடுப்பிலிருந்து தனியே எடுத்த கரி அணைந்துபோகும் என்று பிரசங்கிகள் சொல்லும் உவமைக்கு இந்த எண்களைச் சான்றாகக் காட்டத் தோன்றும். ஆனால் கரி அணைந்ததால் அடுப்பை விட்டதா, விட்டதால் அணைந்ததா என்பதை எண்கள் சொல்வதில்லை. தவிர, பிரிட்டனில் சோம்பலாலோ சலிப்பாலோ வராமல் போனவரையும், சென்னையில் குடும்பத்துக்குப் பயந்து வராமல் இருப்பவரையும் ஒரே பட்டியலில் எழுதுவது முறையன்று.

தீராமல் நிற்பவை

இத்தனை விடைகளையும் பார்த்த பிறகு, தன்னந்தனியான கிறிஸ்தவம் தொடக்கத்திலிருந்தே விதிவிலக்குதான் என்று சொல்லத் துணியலாம். முக்யோகாய்க்காரர்களும் குவேக்கர்களும்கூடக் கூடினார்கள். கூட வேண்டும் என்பதற்கு உள்ள ஆதாரம், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில் பெயர் பதிய வேண்டும் என்பதற்கு இல்லை. முதலாவதை நிறுவும் வசனங்களைக் கொண்டு இரண்டாவதையும் சேர்த்து வாங்கிவிடப் பார்ப்பதுதான் சபைகளின் பழைய பழக்கம். நற்கருணையைப் பொறுத்தவரை சமரசத்துக்கு இடம் குறைவு. அதை அருளின் வழியாகக் கொள்பவருக்குச் சபை தேவை. நினைவுகூரல் மட்டுமே என்பவருக்கு அந்த அளவுக்கு இல்லை. இந்தப் பிரிவு 16-ஆம் நூற்றாண்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நியூபிகினின் கேள்விக்குச் சபையில்லாக் கிறிஸ்தவத்தின் ஆதரவாளர்கள் இன்னும் நிறைவான பதில் தரவில்லை. தாமஸின் கேள்விக்குச் சபைகளும் தரவில்லை. சட்ட நிலையையும் சாதியையும் மாற்றாமல் ஒருவரை மேசைக்கு அழைக்க எந்தப் பேராயம் தயாராக இருக்கிறது? வாதத்தால் நகராத இந்த இடத்தில் ஒருவேளை கள ஆய்வு உதவலாம். ஹோஃபரின் கணக்கெடுப்பில் இடம்பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் இப்போது நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். அம்மாவின் ஜெபம் அவர்களிடம் எந்த வடிவில் தொடர்கிறது, எத்தனை பேர் சபைக்குள் போனார்கள், எத்தனை பேர் குடும்பத்தின் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தால், சபையில்லாமல் விசுவாசம் ஒரு தலைமுறையைத் தாண்டுமா என்பதற்கு ஊகத்தைவிட உறுதியான விடை கிடைக்கும்.